ஊசி நாற்பதில் நின்ற வீடு

அன்பும் மதிப்பும் நிறைந்த சின்ன மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் மூத்த மகள், மேசையைத் துடைத்து, பேனாவுக்குப் புது மை ஊற்றி, வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், தங்கை வாலு ஆகிய நால்வரும் நலம். உங்கள் மூன்று நாணயத் தொகுப்புகளில் ஒன்று நலம், ஒன்று பரவாயில்லை, மூன்றாவதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடல் எப்படி இருக்கிறது, கப்பலின் இயந்திர அறையில் வெக்கை தாங்க முடிகிறதா, முழங்கால் வலி குறைந்ததா என்றெல்லாம் முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மனசெல்லாம் பறவைத் தொகுப்பில் கிடக்கும்போது முழங்காலை விசாரித்தால் அது ஒப்புக்கு விசாரித்ததாகிவிடும். உங்கள் முழங்காலுக்கு அந்த அவமரியாதையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நாணயங்களை மதிப்பிட ஆள் அனுப்புகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பறவைத் தொகுப்பு, காசு அடிக்கும் அச்சாலையிலிருந்து வந்தபடியே மாசு மருவில்லாமல் இருந்தால் அதை முதலாக வைத்து நம் தெருவிலேயே நாணயக் கடை தொடங்குவேன், கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவேன், இல்லையென்றால் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மா அந்த வரியை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். முதல் தடவை கேட்பதற்கு, இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பதற்கு. அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி தருவதாக நீங்கள் எப்போதோ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கு நினைவில்லாவிட்டால் பரவாயில்லை. மதிப்பீடு செய்பவர் போன வாரம் வந்து போனார். என்ன சொன்னார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் அப்பாவின் மேல் உங்களுக்குக் கோபம் வரும். முழுதாகச் சொன்னால் கோபத்தோடு கொஞ்சம் இரக்கமும் வரும் என்று நம்புவதால் ஆதியிலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, உடைக்கப் போட்ட ஏதோ கப்பலிலிருந்து கொண்டுவந்த, காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் பித்தளை ஈரமானியை நடு அறைச் சுவரில் மாட்டினீர்கள். "ஊசி அம்பதுக்குக் கீழ இருந்தா காசுங்க நிம்மதியா தூங்கும். இது உன் பொறுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்போது ஊசி எழுபதைத் தாண்டி நின்றது. பொறுப்பு என்று யாரும் என்னிடம் அதுவரை எதையும் தந்ததில்லை, வாலுவைத் தவிர. அதனால் மறுநாளே பள்ளி நூலகத்துக்குப் போய் நாணயம் பேணுவது பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்து வந்தேன். குளிர்ச்சியான இடம், இருட்டான இடம், உலர்ந்த இடம் என்று அதில் எழுதியிருந்தது. வெறுங்கையால் தொடாதே, விளிம்பை மட்டும் பிடி, மென்மையான பிளாஸ்டிக் உறையில் போடாதே, அது நாளாவட்டத்தில் பச்சையாகக் கசிந்து ஒட்டிக்கொள்ளும் என்றும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த நாணயத்தின் முன்னால் பேசாதே, வாயிலிருந்து தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் பல வருடம் கழித்துப் புள்ளிகளாக எழுந்து வரும் என்றிருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு நடு அறையில் மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. பேசிய சொற்கள் எங்கேயும் போய்விடுவதில்லை, ஏதோ ஒரு வெள்ளி வட்டத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டே கணக்கு வகுப்பில் இருந்ததால் ஆசிரியர் என்னை இரண்டு தடவை எழுப்பினார். நான் தூங்கவில்லை என்று சொன்னால் நம்பவில்லை.

ஊசியின் குணத்தை நான் மெல்ல மெல்லப் படித்துக்கொண்டேன். கெண்டியில் தண்ணீர் கொதித்தால் ஐந்து ஏறும். வாலுவைக் குளிப்பாட்டித் துண்டோடு தூக்கி வந்தால் மூன்று. அப்பா வியர்த்த சட்டையோடு கடையிலிருந்து உள்ளே வந்தால் இரண்டு. அம்மா சிரித்தாலும் இரண்டு. இதையெல்லாம் முதல் மாத அறிக்கையிலேயே உங்களுக்குக் காரணத்தோடு எழுதினேன். அம்மா சிரிப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெருக்கோடியில் இருப்பவர்கள் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடை வீட்டு அம்மா இன்றைக்கு நலம் என்று தெரிந்துகொண்டு நடப்பார்கள். அதனால்தான் சீர்திருத்தங்களைத் தொடங்க வேண்டியதாயிற்று. முதலில் கெண்டியும் அடுப்பும் பின்கட்டுக்குப் போயின. ஈரத்துணி மொட்டை மாடிக்குப் போனது. பிறகு அம்மாவும் நானும் இப்படிப் பேசிக்கொண்டோம்.

"ஏண்டி, என் வீட்டுல நான் வாயத் தொறக்கக் கூடாதா?"

"தொறக்கலாம்மா. பின்கட்டுக்குப் போய்த் தொறக்கலாம்."

"அங்க யாரு இருக்கா? அண்டாகிட்டயும் குண்டாகிட்டயும் பேசறதா?"

"மாமா வரணுமா வேணாமா?"

 அம்மா நடு அறையில் பேசுவதை அன்றே நிறுத்தினார். கதவிடுக்கு வழியாகச் சிரிப்பு கசிகிறது என்று ஊசியைக் காட்டி நிரூபித்த பிறகு முன்னறையிலும் குறைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் முத்து உதிரும் என்று சிலரைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஈரம் உதிர்ந்தது, அதனால் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதற்கு வயிற்றைத் தட்டிக் காட்டுவது, கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்பதற்கு விரலைச் சக்கரம் போலச் சுற்றுவது என்று சைகைகள் உண்டாயின. வாலு இதை எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவளுக்கு ஐந்து வயதுதான் என்பதால் "இல்லை" என்பதற்கான சைகை மட்டும் அவளுக்கு இன்றுவரை வரவில்லை.

புதுக் காலணிப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் இருக்குமே, அவற்றை வகுப்பில் யார் புதுக் காலணி போட்டு வந்தாலும் கேட்டு வாங்கினேன். நான் அதைத் தின்கிறேன் என்று பின்வரிசையில் ஒரு வதந்தி உலவியது. பொட்டலம் ஈரம் குடித்துக் குடித்து அலுத்துப்போனால் உள்ளே இருக்கும் மணிகளை வாணலியில் போட்டுச் சூடு காட்ட வேண்டும், மறுபடி தாகம் வந்துவிடும். அம்மா பின்கட்டில் நின்று அவற்றை வறுத்தபடி, "என் தம்பி வருவான்னா இதையும் வறுப்பேன், இதுக்கு மேலயும் வறுப்பேன்" என்று அண்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியாக ஊசி இறங்கியது. அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று மாதாமாதம் உங்களுக்கு எழுதினேன். போன மாதம் நாற்பது. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதற்குப் பதிலாக நீங்கள் பாராட்டி ஒரு வரி எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் பதிலே போடவில்லை. கடலில் தபால் தாமதமாகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நடு அறையில் அந்த நாட்களின் மத்தியானங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மாமா. தடித்த திரையை இழுத்துவிட்டால் அறை ஆழமான தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆகிவிடும். பித்தளை வட்டம் மட்டும் சுவரில் மங்கலாக மினுங்கும். வெளியே அப்பா சக்கரத்தைச் சுழற்றிக் கம்பி திருத்தும் சத்தம் எங்கோ தூரத்துக் கரையிலிருந்து வருவது போல வரும். அலமாரிக்குள் வெல்வெட் குழிகளில் உங்கள் பறவைகள் தூங்குகின்றன என்று நினைத்துக்கொள்வேன். கொக்கு ஒற்றைக் காலில், ஆந்தை கண்ணைத் திறந்துகொண்டே, மீன்கொத்தி பாய்வதற்கு முந்தின நொடியில். எல்லாம் வெள்ளி, எல்லாம் வெண்மை, ஒன்றுக்கும் நிறமில்லை. நிறமில்லாத பறவை கனவு கண்டால் அந்தக் கனவில் நிறம் இருக்குமா என்று யோசிப்பேன். இதை உங்களிடம் கேட்டால் நீங்கள் சிரிக்காமல் யோசித்துப் பதில் சொல்வீர்கள். இங்கே யாரிடம் கேட்பது? அப்பாவிடம் கேட்டேன். "கொஞ்சம் அந்தத் திருகாணிய எடு" என்றார்.

அப்பாவிடம்தான் வருகிறேன். எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் எந்த நோய்க்கும் பழைய சைக்கிள் டியூப்தான் மருந்து என்பது நீங்கள் அறிந்ததே. குழாய் ஒழுகினால் டியூப், முக்காலி ஆடினால் காலுக்கு டியூப், கதவு அடித்துக்கொண்டால் நிலையில் டியூப், என் மூக்குக் கண்ணாடியின் காது உடைந்தபோதும் டியூப். கடையில் பஞ்சர் ஒட்டி ஒட்டித் தேறாமல் போன டியூப்களை அவர் தூக்கிப் போட்டதே இல்லை. "ஓடி ஓடிக் களைச்சிருக்கு, உக்காந்து செய்யற வேலையாவது குடுப்போம்" என்பார். நான் ஊசியோடு போராடுவதை அவர் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடையை மதியமே மூடிவிட்டு, கத்தரியும் பசையும் டியூப் சுருளுமாக நடு அறைக்குள் வந்தார். அலமாரிக் கதவின் நான்கு விளிம்பிலும் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டினார். சன்னலுக்கு ஒட்டினார். அறைக் கதவுக்கு ஒட்டினார். கடைசியில் பறவைத் தொகுப்பின் நீலப் பெட்டி சரியாக மூடவில்லை என்று நான் சொன்னதும், டியூபை வளையம் வளையமாக நறுக்கிப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். அது விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பெட்டி மாதிரி இருந்தது. அன்று ஊசி ஒரே தாவலில் ஏழு இறங்கியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு கிடைத்த அன்று நின்றாரே, அப்படி நின்றார். "உன் மாமன் வரட்டும். யாரு வெச்சுக் காப்பாத்துனதுன்னு கேக்கட்டும்" என்று சைகையில் சொல்ல முயன்று, முடியாமல் வாயாலேயே சொன்னார். அதற்கு ஊசி ஒன்று ஏறியது. நான் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நீலப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதே பேணுவதில் பாதி என்று புத்தகம் சொல்லியிருந்தது. செம்பு இலைத் தொகுப்பை மட்டும் வாரம் ஒரு தடவை திறப்போம். அது என் குற்றமில்லை, அம்மாவின் பிடிவாதம். அந்தத் தொகுப்பில் அரச இலை போட்ட காசின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது, மாமா. எப்போதோ நீங்கள் மறந்துபோய்த் தொட்டிருக்கிறீர்கள். அது செம்புக்குள் இறங்கிப் பழுப்பாகக் கோடு கோடாக நிற்கிறது, துடைத்தாலும் போகாது, துடைக்கவும் கூடாது. அம்மா வாயைத் துணியால் மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து முடித்ததும் ஊசி மூன்று ஏறியிருக்கும். அம்மா அப்போது பேசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்த மூன்றுக்கு நான் அறிக்கையில் காரணம் எழுதவில்லை.

போன வாரம் மழை நாளில்தான் மதிப்பீட்டு அக்கா வந்தார். கழுத்துக் கயிற்றில் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, கையில் பருத்திக் கையுறை, மறு கையில் சொட்டச் சொட்ட ஒரு குடை. குடையை நான் வாசலிலேயே கைப்பற்றிக் கடைக்குள் நிறுத்தினேன். அவருக்கு ஜலதோஷம். தும்மல் வரும்போதெல்லாம் எழுந்து ஓடிப் போய்க் கடையில் சைக்கிள்களின் நடுவே தும்மிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பார்த்த பெரியவர்களில் நாணயத்துக்காகத் தும்மலை இவ்வளவு மதித்தவர் வேறு யாருமில்லை. பெட்டி திறந்திருக்கும்வரை வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். மாதக்கணக்காக அண்டாவோடு பேசிய பிறகு வீட்டுக்கு ஒரு புது மனுஷி வந்து, அவரும் பேசவில்லை என்றால் எப்படி இருக்கும்?

அவர் பார்க்கும் முறையைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். முதலில் காசையே பார்க்கவில்லை. பெட்டியின் மூலைகள், மூடியின் உட்புறம், உடன் வந்த அச்சாலை அட்டை, எல்லாவற்றையும் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகுதான் காசை விளிம்பில் இரண்டு விரலால் ஏந்தி, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தார். சாய்க்கும்போது ஒளி காசின் மேல் ஒரு சுற்று சுற்றி வந்தது, அப்பா சுழற்றிவிடும் சக்கரத்தின் ஆரங்கள் போல. கீறல் இருந்தால் அந்த ஒளி அங்கே தடுக்கி விழும் என்று பிறகு சொன்னார். கப்பல் படங்கள் போட்ட முதல் தொகுப்பை மூடிவிட்டு, "இது அருமையா இருக்கு. கெட்டி பிளாஸ்டிக், வாசனையே இல்ல" என்றார். இலைத் தொகுப்பை மூடிவிட்டு, "செம்பு இன்னும் சிவப்பாவே இருக்கே, நல்லா வெச்சிருக்கீங்க. ஒரே ஒரு குறை, ஒண்ணுல விரல் ரேகை" என்று எழுதப் போனார்.

"அது குறை இல்லம்மா" என்றார் அம்மா. "அது என் தம்பி."

மதிப்பீட்டு அக்கா பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "ரேகை: உரிமையாளருடையது" என்று எழுதியிருந்தார்.

அடுத்தது நீலப் பெட்டி. ரப்பர் வளையங்களைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. அவிழ்த்தார். திறந்தார். நாங்கள் எல்லோரும் குனிந்தோம், மூச்சை நிறுத்திக்கொண்டு. மாமா, நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் தோன்றியது துக்கம் இல்லை. பறவைகளுக்கு நிறம் வந்திருந்தது. கொக்கின் விளிம்பெல்லாம் புறாக் கழுத்து போல ஊதா, உள்ளே வர வர இளஞ்சிவப்பு, நடுவில் தேன். ஆந்தை அந்திக்குள் உட்கார்ந்திருந்தது. மீன்கொத்திக்கு நீலம் வந்திருந்தது, உண்மையான மீன்கொத்தியின் நீலம், மழை விட்ட தெருவில் எண்ணெய் சிந்தினால் ஓடுமே அந்த நீலம். இத்தனை மாதம் இருட்டில் கிடந்து அவை கண்ட கனவு வெளியே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா பெட்டியை மூடினார். கடைக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

"யாரு இந்த ரப்பர் ஒட்டுனது?"

"நான்தாங்க" என்று அப்பா முன்னால் வந்தார். "அசல் டியூப். காத்துகூடப் புகாது."

"காத்து புகுந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ரப்பர்ல கந்தகம் இருக்கு. வெள்ளியோட சேத்து அடைச்சு வெச்சா, கந்தகம் சும்மா இருக்குமா? மெள்ள மெள்ள நெறம் ஏத்திடும்."

"தொடச்சா போயிடுமில்ல?"

"தொடச்சா காசே போயிடும். அப்படியே விடுங்க. நெறம் அழகாத்தான் இருக்கு, இதத் தேடிப் போய் வாங்கறவங்களும் இருக்காங்க, தொடவே மாட்டேங்கறவங்களும் இருக்காங்க. ஆனா அச்சாலையிலேர்ந்து வந்தபடியேன்னு எழுதி என்னால கையெழுத்துப் போட முடியாது."

 அம்மா அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னார், மிக மெதுவாக, நடு அறையில் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவரிடம். "வீட்டுல இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சீங்க. கடைசில என் தம்பி வர்ற வழியையும் சேத்து அடைச்சிட்டீங்களே."

அன்று அப்பா கடையில் ஒரு பஞ்சர்கூட ஒட்டவில்லை. வந்தவர்களையெல்லாம் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, பழைய டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து வீட்டில் ஒட்டியதையெல்லாம் பிய்க்கத் தொடங்கினார். அலமாரி, சன்னல், அறைக் கதவோடு நிறுத்தியிருந்தால் சரி. குழாயில் கட்டியதையும் பிய்த்தார், அது ஒழுகத் தொடங்கியது. முக்காலியில் கட்டியதையும் பிய்த்தார், அது ஆடத் தொடங்கியது. கதவு நிலையில் ஒட்டியதையும் பிய்த்தார், காற்றடிக்கும்போதெல்லாம் கதவு துப்பாக்கி போல வெடிக்கிறது. என் மூக்குக் கண்ணாடியை நான் பிடிவாதமாகக் கொடுக்கவில்லை. வீடு இப்போது ஒழுகி, ஆடி, வெடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பேச்சு மட்டும் இல்லை. இனி யாரும் பேசலாம் என்று அறிவித்துப் பார்த்தேன். யாருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. வாலு கூடச் சாப்பிட வேண்டுமென்றால் வயிற்றைத்தான் தட்டுகிறாள். சைகைக்குப் பழகிய வாய் சட்டென்று திரும்பி வருவதில்லை போலிருக்கிறது.

ஆகையால், மாமா, நடந்தது இதுதான். நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எங்களை நினைத்துத் தயங்க வேண்டாம். மூன்று வருடம் என்பது பெரிய காலமில்லை, அதற்குள் நான் பள்ளிப் படிப்பை முடித்துவிடுவேன், முக்காலியில் உட்கார வேண்டிய வயது தாண்டிவிடும், நாற்காலியாகக் கொடுங்கள். அப்பா மேல் கோபம் வேண்டாம். அவர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அடைத்தார். அலமாரியை இனி எப்படி வைக்க வேண்டும் என்று மதிப்பீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரப்பர் இல்லை, பசை இல்லை, கொஞ்சம் காற்று உண்டு. இனி இவற்றுக்கு ஒரு புள்ளிகூட வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மீன்கொத்தியின் நீலத்தை நீங்கள் நேரில் பார்க்க முடியாததுதான் எனக்குக் குறை. வெள்ளிக் காசாக அது கெட்டுப்போய்விட்டது, சரி. மீன்கொத்தியாக அது தேறிவிட்டது என்று தனியாக இருக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா உங்களுக்குத் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார், சைகையில். அப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதும்போது பின்னால் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார், அதையும் விசாரிப்பாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். வாலுவின் முத்தங்கள், அவை ஈரமானவை என்பதால் எண்ணிக்கை தரவில்லை. உங்கள் கப்பலுக்கு எல்லாத் திசையிலும் நல்ல காற்று வீசட்டும். இளையவளாகிய நான் உங்கள் கால் இருக்கும் திசையைத் தெரிந்துகொள்ள முடியாமல், கடல் இருக்கும் திசையெல்லாம் பார்த்து வணங்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாணயங்களின் காவலாளி,
மூத்த மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் "கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்பதை அடித்துவிடவும். ஆசிகளுக்குக் கீழே மை காய்வதற்குள் வாசலில் ஒரு பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. கதவு வெடித்தது. பார்த்தால் நீங்கள். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நீங்கள் உள்ளே வராமல் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க? சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டீர்கள். அம்மா பழக்கத்தில் தலையை மட்டும் ஆட்டினார். நீங்கள் இன்னும் பயந்துபோய்விட்டீர்கள்.

"மாசாமாசம் ஊசி எறங்கிக்கிட்டே வந்துச்சு. கடைசில நாப்பதுன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்கா. நீ சிரிச்சா ரெண்டு ஏறும்னு மொத கடுதாசிலயே இவதான் எழுதியிருந்தா. நாப்பதுன்னா என்ன அர்த்தம்? இந்த வீட்டுல யாரும் சிரிக்கறதே இல்லன்னு அர்த்தம். அதுக்கு மேல கப்பல்ல எனக்கு இருப்புக் கொள்ளல. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாம எறங்கி வந்துட்டேன்."

தபால் செலவை மிச்சப்படுத்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன், இந்தக் கடைசித் தாளைத் தவிர. நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறீர்கள், நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பொட்டலங்களை வறுக்கும் பக்கத்தில் இருக்கிறீர்கள், உதடு துடிக்கிறது. ரப்பர் அடுத்த தாளில் வருகிறது. அப்பா கதவோரம் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தாளைத் திருப்பிவிட்டீர்கள். படிக்கிறீர்கள். அப்பா கையில் இருக்கும் திருகாணியைக் கீழே போட்டுவிட்டார். நீங்கள் தலையைத் தூக்காமலே கேட்கிறீர்கள்.

"அத்தான், அது முன்சக்கரத்து டியூபா, பின்சக்கரத்து டியூபா?"

"பின்சக்கரம்தான் மாப்பிள்ள" என்கிறார் அப்பா. "நல்ல கனமானது."

அம்மா சிரித்துவிட்டார். முழுச் சிரிப்பு. தெருக்கோடியில் யாரோ நின்று திரும்பியிருப்பார்கள். நீங்கள் எழுந்து போய் நீலப் பெட்டியைத் திறந்து, மீன்கொத்தியை விளிம்பில் ஏந்திச் சன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறீர்கள். பிறகு, "இது விக்கறதுக்கு இல்ல, கடை வாசல்ல வெக்கறதுக்கு. மிச்சத்த வெச்சு ஆரம்பிப்போம்" என்கிறீர்கள். "தொட்டுப் பாருக்கா" என்று அம்மாவிடம் நீட்டுகிறீர்கள். அம்மா பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். வாலு முன்னால் வந்து, "எனக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையை நீட்டுகிறாள். வேண்டாம் என்று சைகை காட்டுகிறேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இந்த மாத அறிக்கை: ஊசி எழுபத்தெட்டு, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காரணங்கள் எழுதத் தாளில் இடமில்லை.